டர்பன் பக்கம் காளான் நடைக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்களா?

தென்காசிக்காரன், உம்லாங்கா

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் காளான் ஆர்வலர் குழு ஒன்றில் இருக்கிறார். மழைக்காலத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை, விடியும்போதே கூடையோடு கிளம்பிவிடுவார்கள். அடுத்த நடை ஹில்டனுக்கு அந்தப் பக்கம் ஒரு பைன் தோட்டத்தில். "நீயும் வா, வீட்டிலுள்ளவர்களையும் கூட்டிவா" என்கிறார்.

எனக்குக் காளான் புதிதில்லை. ஐப்பசியில் இடி இடித்து மழை பெய்த மறுநாள், அம்மாவோடு ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு புற்றுக்காளான் தேடி அலைந்தவன்தான். ஆனால் இவர்கள் போவது சாப்பிடவா, படம் எடுக்கவா, படிக்கவா என்று பிடிபடவில்லை. எட்டு வயது மகளையும், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவையும் அழைத்துப் போகலாமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். நேற்று மாலை நடக்கப் போன அம்மா, எங்கள் குடியிருப்பின் புல்வெளியிலிருந்து முந்தானை நிறைய வெள்ளைக் குடைக்காளான் பறித்து வந்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். "இங்க ஒருத்தரும் சீண்ட மாட்டேங்கிறாங்க, எல்லாம் கெடந்து வீணாப் போகுது" என்று வருத்தம் வேறு. சமைக்கக் கூடாது என்று மனைவி சொல்ல, "அம்பது வருஷமா காளான் பறிக்கிறவ நான்" என்று அம்மாவுக்கு மனத்தாங்கல். வெள்ளைப் பூண்டு போட்டு வேகவைத்தால், விஷமாக இருந்தால் பூண்டு கறுத்துவிடும் என்கிறார்கள். இப்போதைக்குக் காகிதப் பையில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

மாரிட்ஸ்பர்க்காரன்

நடைக்குத் தாராளமாகப் போங்கள். நான் இரண்டு வருடமாகப் போகிறேன். மகளுக்கு முழுக்கால் சட்டை, காலுறைக்குள் செருகிவிடுங்கள். புல்லில் உண்ணி அதிகம். வீட்டுக்கு வந்ததும் உடம்பின் இடுக்குகளெல்லாம் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வந்து, கடித்த இடத்தில் கறுப்பாகப் பொருக்கு இருந்தால் உண்ணிக் காய்ச்சல்தான். உடனே டாக்டரிடம் போய்விடுங்கள், மருந்துக்குக் கேட்கும். ஹில்டன் இருக்கும் மிட்லண்ட்ஸ் பகுதியில் காலையில் பனிமூட்டமாக இருக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜில் இருப்பதைச் சாப்பிட வேண்டாம். டோங்காட் டீச்சரக்கா வந்து விவரமாகச் சொல்வார்கள்.

டோங்காட் டீச்சர்

தம்பி, முதலில் அந்தப் பை. நடையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அதைச் சமைக்காதீர்கள். தூக்கியும் போட்டுவிடாதீர்கள், இன்றிரவு அதற்கு ஒரு வேலை இருக்கிறது. பூண்டு கறுப்பது, வெள்ளிக் கரண்டி கறுப்பது, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பது, இது ஒன்றையும் நம்ப வேண்டாம். பூச்சிக்கும் நத்தைக்கும் ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ளாது. பூண்டு வெள்ளையாகவே இருக்கும், ஆள் ஆஸ்பத்திரியில் இருப்பார்.

ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். குடையின் மேலே வெள்ளைப் பரப்பில் பழுப்புச் செதில்கள், நடுவில் நெருக்கமாகவும் ஓரத்துக்குப் போகப் போகச் சிதறியும் இருக்கிறதா? தண்டில் ஒரு வளையம் உண்டா, அதை விரலால் மெல்லத் தள்ளினால் மேலும் கீழும் நகர்கிறதா? தண்டின் அடி உருண்டு திரண்டு அங்கேயே முடிகிறதா, இல்லை வேர் மாதிரி நீண்டு மண்ணுக்குள் போனதா? அம்மா பறிக்கும்போது சுலபமாக வந்ததா என்று கேளுங்கள்.

அப்புறம் வித்துப்படிவு எடுங்கள். ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு கறுப்புத் தாளையும் ஒட்டினாற்போல வையுங்கள். நன்றாக விரிந்த குடை ஒன்றின் தண்டை வெட்டிவிட்டு, அடிப்பக்கத்து மடிப்புகள் தாளில் படும்படி, பாதி வெள்ளையிலும் பாதி கறுப்பிலுமாகக் கவிழ்த்து வையுங்கள். மேலே ஒரு அகலமான கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள். மடிப்புகளிலிருந்து விழும் வித்துகள் காலையில் தாளில் கோலம் போட்ட மாதிரி இருக்கும். அதன் நிறம் சாம்பல் கலந்த பச்சையாக இருந்தால், அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற விஷக்காளான். மேலே சொன்ன செதில்களும் நகரும் வளையமும் அதற்கு உண்டு. புல்வெளிகளில் வட்டம் வட்டமாக முளைக்கும், டர்பனில் கோடை மழைக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் இருக்கும். இளசாக இருக்கும்போது மடிப்புகள் பால் வெள்ளையாகத்தான் இருக்கும், முற்றினால்தான் பச்சை ஏறும். எத்தனையோ பேர் ஏமாறுவது அந்த வெள்ளையில்தான். படிவு பச்சை இல்லாவிட்டாலும் சாப்பிட வேண்டாம். படிவு எடுப்பது பெயர் கண்டுபிடிக்க, ருசி பார்க்க அனுமதி வாங்க அல்ல.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. என் ஆயா, பாட்டியைத்தான் சொல்கிறேன், டோங்காட் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்களுடைய அப்பா அம்மா ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள். பக்கத்துக் குன்றில் இருந்த ஜூலுப் பெண்கள்தான் ஆயாவுக்கு அமாகோவே என்ற காளானை எடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்றென்றால் இகோவே, பலவென்றால் அமாகோவே. ஜனவரி, பிப்ரவரியில் நல்ல மழை பெய்ததும் புல்லுக்குள் திடீரென்று தலை தூக்கும். சாலையோரத்தில் பெண்களும் பிள்ளைகளும் அடுக்கி வைத்து விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். நாங்கள் பிள்ளைகள் எதைக் கொண்டுபோனாலும் ஆயா முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வேர் எங்கடி?" வேரோடு வந்தால்தான் அடுப்பங்கரைக்குள் போகும். ஒடித்துக் கொண்டுபோனால், அது நல்ல இகோவேயாகவே இருந்தாலும், கோழிக்குக்கூடப் போடாமல் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள்.

ஆயா போன பிறகு, 1998இல் என் தம்பி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டு மைதானத்தில் பறித்த வெள்ளைக் காளானில் மசாலாக் கறி வைத்தார்கள். நான்கு பேர் சாப்பிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது. என் தம்பி மகள் அப்போது ஐந்து வயது, குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சமைக்காதது ஒன்று மிச்சம் இருக்கிறதா?" ஒன்றும் இல்லை. தோல், தண்டு எல்லாம் குப்பைக்குப் போய்விட்டது. என்ன காளான் என்று தெரியாமலே இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். நால்வரும் பிழைத்துக்கொண்டார்கள். வேர் எங்கே என்று கேட்க அந்த வீட்டில் அன்றைக்கு ஆள் இல்லை. நான் பக்கத்துத் தெருவில்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகு, ஓய்வு பெற்ற வருடம் குழுவில் சேர்ந்தேன். ஒன்பது வருடமாகிறது.

வேர் என்று ஆயா சொன்னது என்ன என்பது எனக்குக் குழுவில் போய்த்தான் புரிந்தது. எங்களுக்கு நடை நடத்துகிறவர் ஒரு இகோவேயைச் சுற்றி மண்ணைக் கத்தியால் மெல்ல மெல்ல அகற்றிக் காட்டினார். தண்டு மண்ணுக்குள் போனதும் மெலிந்து, கறுத்து, முருங்கைக்காய் மாதிரி இறங்கிக்கொண்டே போனது. முழங்கை ஆழம் போயும் முடியவில்லை. கூட்டைக் கெடுக்கக் கூடாது என்று அங்கேயே நிறுத்தி மண்ணை மூடிவிட்டார். அது போய்ச் சேரும் இடம் கறையான் கூடு. மேலே புற்று தெரியாது, வெறும் புல்தரைதான். கறையான்கள் காய்ந்த புல்லையும் மரத்தூளையும் தின்று, அதையே எச்சமாக இட்டுக் கூட்டுக்குள் தேனடை மாதிரி ஒன்று கட்டுகின்றன. அதில்தான் இந்தப் பூஞ்சை வளர்கிறது. கறையானால் செரிக்க முடியாததைப் பூஞ்சை பக்குவப்படுத்துகிறது, கறையான் அதைத் தின்கிறது. மனிதன் ஏர் பிடிப்பதற்கு எத்தனையோ முன்னால், சுமார் 3 கோடி வருடங்களாக நடக்கும் விவசாயம் இது, அதுவும் ஆப்பிரிக்காவில் தொடங்கியது. இந்த வகைக்கெல்லாம் டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர். நம் ஊர் இகோவேயின் முழுப் பெயரில் ஜூலுச் சொல்லே இருக்கிறது: டெர்மிட்டோமைசிஸ் உம்கோவான். உங்கள் அம்மா தென்காசியில் பறித்த புற்றுக்காளானும் இதே குடும்பம்தான். ஆகவே அம்மாவின் ஐம்பது வருட அனுபவம் வீண் இல்லை தம்பி. புல்வெளிக் காளானுக்கும் கறையானுக்கும் சம்பந்தமில்லை, அவ்வளவுதான். இதை அப்படியே அவர்களிடம் சொல்லுங்கள். மகளிடம், ஜாம்பியாவில் இதே இனத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் குடை விரிக்கும் காளான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

சரி, நடை. பைன் மரம் இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை, வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டது. அதன் வேரோடு கூட்டு வைத்து வாழும் காளான்களும் கூடவே வந்துவிட்டன. போர்ச்சினி கிடைக்கும். அதற்கு அடியில் மடிப்பு இருக்காது, பஞ்சு மாதிரி துளைகள் இருக்கும், தண்டின் மேல்பகுதியில் வெள்ளை வலைப்பின்னல் தெரியும். பைன் ரிங் என்று ஒன்று, வெட்டினால் கேரட் நிறத்தில் பால் வரும், கை பட்ட இடம் பச்சையாகும். வழவழவென்று தோல் வழுக்குகிற வகையும் உண்டு. அதே மரத்தடியில், போர்ச்சினிக்கு நான்கடி தள்ளி, சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட விஷக்காளானும் நிற்கும். மகளுக்கு அதுதான் பிடிக்கும், பார்த்துக்கொண்டே இருப்பாள். தொட்டால் ஒன்றும் ஆகாது, வாயில் வைக்கக் கூடாது, கையைக் கழுவிவிட்டுத்தான் ரொட்டி.

பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்துக் கூழாகிவிடும். கூடை, காகிதப் பைகள், சிறு கத்தி, ஒரு சிறிய பெயிண்ட் பிரஷ் போதும். தெரியாத காளானைத் தண்டில் வெட்டாதீர்கள், அடியோடு தோண்டி எடுங்கள். எந்த மரத்தடி என்று காகிதப் பையில் அங்கேயே எழுதிவிடுங்கள், பத்து நிமிடத்தில் மறந்துவிடும். கிளம்பும் முன் தோட்டத்து அனுமதிச் சீட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்க வேண்டும், உங்கள் நண்பரிடம் அம்மா பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். கிரான்ட்ஸ்கிளூஃப் மாதிரி வனக்காப்பிடங்களில் நடை என்றால் படம் மட்டும்தான், ஒரு காளானையும் பறிப்பதில்லை. அமாகோவே விற்றுப் பிழைக்கும் பெண்கள் எடுக்கும் புல்வெளியிலும் எங்கள் குழு எடுப்பதில்லை. அவர்களிடம் காசு கொடுத்து வாங்குகிறோம். அது எனக்கு மிகவும் பிடித்த விதி.

நடையில் நான் காத்திருக்கும் நேரம் கடைசி ஒரு மணிதான். பக்கியின், அதாவது பின்னால் திறந்த தட்டு உள்ள சிறு வண்டியின், பின்கதவைத் திறந்து, மேலே ஒரு வெள்ளைத் துணி விரிப்போம். எல்லாருடைய கூடையும் அதில் இறங்கும். இனம் இனமாகப் பிரித்து, பக்கத்தில் சீட்டு வைத்து, நடத்துகிறவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பேசுவார். முகர்ந்து பார்க்கக் கொடுப்பார். ஒன்றில் பாதாம் வாசம், ஒன்றில் மாவு வாசம், ஒன்றில் சோப்பு. தெரியாதது இருந்தால் தெரியாது என்று சீட்டில் எழுதுவார், அதைப் படம் எடுத்து, உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றுவோம். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான், தெரியாது என்று சீட்டில் எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி வைக்கிற மனிதரிடம் கற்றுக்கொள்வது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சாப்பிடுவதா என்று கேட்டீர்கள். சாப்பிடுவோம், இரண்டு மூன்று வகைதான், அதுவும் நடத்துகிறவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்த பிறகு. புதிதாக வருகிறவர்கள் முதல் வருடம் ஒரே ஒரு காளானைக் கற்றுக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். எதைச் சமைத்தாலும் சமைக்காதது ஒன்றை ஃப்ரிட்ஜில் தனியாக வையுங்கள். நான் இதைச் சொல்லாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

மே மாதம் மழை நின்றதும் நடை குறையும். அப்போது நுண்ணோக்கி வைத்துப் படிப்போம், மரத்தில் தட்டு மாதிரி ஒட்டி வளரும் மரத்தட்டைக் காளான்களைப் பார்ப்போம். போன வருடம் கரும்புச் சக்கையில் சிப்பிக்காளான் வளர்த்தோம். சக்கையைச் சூடான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து ஆறவிட்டு, காளான் விதையைக் கலந்து பையில் திணித்துத் துளை போட்டு இருட்டில் வைக்க வேண்டும். மூன்று வாரத்தில் பை முழுக்க வெள்ளையாகப் படர்ந்தது. ஆயா வெட்டிய கரும்பின் சக்கையில் நான் காளான் பறித்தேன்.

கேப் டவுன் வாசகி

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இந்தப் பக்கம் யாராவது படித்தால் உதவும். எங்களுக்கு மழை குளிர்காலத்தில், அதனால் காளானும் ஏப்ரல் வாக்கில்தான் தொடங்கும். கேப்பில் ஓக் மரத்தடியில் மரணத்தொப்பிக் காளான் வரும், அமானிட்டா ஃபலாய்டஸ். இளம் பச்சையும் மஞ்சளும் கலந்த குடை, வெள்ளை மடிப்பு, அடியில் முட்டை ஓடு மாதிரி ஒரு பை. தண்டோடு வெட்டினால் அந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும், அடையாளமும் போய்விடும். வேகவைத்தாலும் விஷம் அழியாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, சில சமயம் மறுநாள்தான் வயிற்றுப்போக்கு தொடங்கும். அடுத்த நாள் சரியானது போலத் தெரியும், ஆனால் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். அந்த ஒரு நாளை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

நாடு முழுவதற்குமான விஷ உதவி எண் 0861 555 777. இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். ஃபோனில் சேமித்து வையுங்கள்.

தென்காசிக்காரன், உம்லாங்கா

எல்லாருக்கும் நன்றி. டீச்சரம்மா, நேற்றிரவு நீங்கள் சொன்ன மாதிரியே செய்தோம். கிண்ணம் போதவில்லை, தோசைமாவு குண்டானைக் கவிழ்த்தோம். மகள் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தாள், தூக்கிப் பார்க்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

காலையில் திறந்தோம். வெள்ளைத் தாளில் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி கோடு கோடாக, பழைய செப்புப் பாத்திரத்தில் படியும் பச்சை. கறுப்புத் தாளில் அவ்வளவாகத் தெரியவில்லை. தண்டில் வளையமும் இருந்தது. தள்ளினேன், நகர்ந்தது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்தார்கள். உங்கள் ஆயா கேட்ட கேள்வியைப் படித்துக் காட்டினேன். "நம்மூர்ல இழுத்தா மண்ணு விடாது. இது பூ மாதிரி கைல வந்துச்சு. அப்பவே கைக்குத் தெரிஞ்சிருக்கு, நான்தான் கேக்கல" என்றார்கள். அப்புறம் மனைவியைக் கூப்பிட்டு, அவர்களே பையை எடுத்து வெளியே கொண்டுபோனார்கள். குடியிருப்பில் சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதால், காவலாளியிடமும் ஒரு காளானைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள், பாதி தமிழ், பாதி சைகை.

அனுமதிச் சீட்டில் நான்கு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். அம்மா சாலையோரம் அமாகோவே விற்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், வேரைப் பார்க்க வேண்டுமாம்.

டோங்காட் டீச்சர்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் தம்பி. அந்தத் தாளின் மேல் ஹேர்ஸ்பிரே லேசாக அடித்துக் காயவையுங்கள், அழியாது. தேதியும் இடமும் மகள் கையால் எழுதச் சொல்லுங்கள். சனிக்கிழமை கொண்டுவாருங்கள், துணியில் வைக்க ஒரு இடம் விடுகிறேன்.